ஏழு மீன் கண்டம்

அபிராமபுரத்தின் அந்த அடுக்ககத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூடினால், ஒன்று காய்கறி வண்டி வந்திருக்க வேண்டும். அல்லது 'மச்ச வாஸ்துச் சக்கரவர்த்தி' சாய்நாத் வந்திருக்க வேண்டும். வண்டிக்காரரிடம் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொத்தை பார்க்கும் அதே மக்கள், சாய்நாத்திடம் மட்டும் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அவருடைய தத்துவம் எளிது. வீட்டுக்கு வரும் ஆபத்தைத் தொட்டியில் நீந்தும் கறுப்புத் தங்கமீன் தன்னுள் வாங்கிக்கொண்டு உயிர் விடும். மீன் செத்தது, குடும்பம் பிழைத்தது! சாகாவிட்டால்? அதற்காகவே மாதந்தோறும் 'வடிகட்டிச் சுத்தி' என்றொரு சடங்கு. ஃபில்டருக்குள் இருக்கும் பழுப்பேறிய ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் பாவம் படிந்தவை என்று குப்பையில் எறிவார். டப்பாவைக் குழாய் நீரில் பளபளவெனக் கழுவுவார். புது ஸ்பாஞ்சு வைத்து மந்திரம் ஓதுவார். மூன்றாம் நாள் மீன் மல்லாந்துவிடும். நம் ஊர்ப் பேருந்துகளுக்குக்கூட இத்துணை நேரந்தவறாமை கிடையாது.

ஜெயலக்ஷ்மி இதை முழுமனத்தோடு நம்பினார். கணவர் ஜெயராமுக்குப் பித்தப்பையில் கல். "ஏழு மீன் போகணும் மாமி. அதுக்கு முன்னாடி சார் மேல கத்தி பட்டா நான் பொறுப்பில்ல" என்று சாய்நாத் கூறிவிட்டார். இரண்டு மீன்கள் போயின. அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த இரண்டு நாள்களும் போயின. மூன்றாவதாகக் குறித்த இந்த வெள்ளிக்கிழமையையும் தாண்டினால் பித்தப்பை சீழ் கட்டி வெடித்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இன்னும் ஐந்து மீன்கள், அதாவது ஐந்து மாதங்கள். கணக்கு ஜெயலக்ஷ்மிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அச்சம் கணக்கைக் கேட்பதில்லையே!

"மீன் நிக்கற க்யூவுல என்னையும் நிக்க வச்சுட்டியேடி" என்று சோபாவில் சுருண்டு கிடந்த ஜெயராம் முனகினார்.

மாடி வீட்டு ஜஹனாரா பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பதினொரு ஆண்டுகளாக மீன் வளர்ப்பவர். அந்த ஞாயிறு ஜெயலக்ஷ்மி வீட்டில் மூன்றாம் மாதச் சடங்கு முடியும் தறுவாயில் கீழே வந்தார்.

"சார், நம்ம அப்பார்ட்மென்ட் சங்க ரூம்லயும் ஒரு தொட்டி இருக்கு. இதே மீன்தான். அதுக்கும் சுத்தி செஞ்சு விடுங்களேன்."

சாய்நாத்தின் முகம் மலர்ந்தது. "பொதுத் தொட்டியா? டபுள் பவர் மேடம்!"

அந்தத் தொட்டியைக் காவலாளி பவுல்சாமி பராமரித்து வந்தார். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து மறுபடியும் மாட்டுவதன்றி அவருக்கு வேறு சாத்திரம் தெரியாது. மீன் இரண்டு ஆண்டுகளாக நலமாக இருந்தது. சாய்நாத் அதையும் புனிதப்படுத்திவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜஹனாரா தம் வீட்டு ஃபில்டரிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்சில் பாதியைக் கொண்டுவந்தார்.

"மாமி, இதை உங்க ஃபில்டர்ல வைக்கட்டுமா?"

"ஐயையோ! அழுக்குன்னா அது!"

"அந்த அழுக்குலதான் நல்ல கிருமி இருக்கு. மீனோட கழிவுல வர்ற விஷத்தை அதுதான் முறிக்குது. குழாய்த் தண்ணியில குளோரின். பட்டா அது செத்துடும். புது ஸ்பாஞ்சுல கிருமியே கிடையாது. மூணு நாள்ல மீன் தன் கழிவுலயே மூச்சுத் திணறிடும்."

"ஒருவேளை மீன் பொழைச்சு, இவருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?"

"வைக்கச் சொல்லு ஜெயா" என்றார் ஜெயராம். "மீனாவது பொழைக்கட்டும்."

ஜெயலக்ஷ்மி மூடியைத் திறந்துவிட்டார்.

புதன்கிழமை காலை, பலன் சொல்லச் சாய்நாத் ஜெயலக்ஷ்மி வீட்டுக்கு வந்தார். பின்னால் அடுக்ககமே திரண்டது.

வாசலிலேயே நின்று, "என்ன ஆச்சு?" என்றார்.

"ஒரு மீன் மல்லாந்துடுச்சு சார்" என்றார் ஜஹனாரா.

"பாத்தீங்களா!" சாய்நாத் கைதட்டினார். "ஜெயராம் சாரோட மூணாவது கண்டத்தை அப்படியே உறிஞ்சிடுச்சு! இப்பவே சார் முகத்துல ஒரு தேஜஸ் தெரியுது பாருங்க!"

வலியில் சாரின் முகம் வெளிறியிருந்தது. இருந்தும் நால்வர் தேஜஸைக் கண்டு தலையசைத்தனர்.

"மல்லாந்தது சங்க ரூம் மீன் சார். மாமி வீட்டு மீன் அதோ நீந்திட்டு இருக்கு. ரூம்ல யாரும் குடியில்ல. ஒரு கேரம் போர்டும் ரெண்டு ஒடஞ்ச நாற்காலியும்தான். யாரோட கண்டம் சார் அது?"

பவுல்சாமி தலையைச் சொறிந்தார். "கேரம் போர்டுக்கு இன்னா கண்டம் நைனா? காய் தொலைஞ்சி போச்சே, அதுவா?"

கூட்டம் சிரித்தது. ஜஹனாரா இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இரு தொட்டிகளின் நீரையும் எடுத்துச் சோதனைத் துளிகளை விட்டார். மாமி வீட்டு நீர் மஞ்சளாகவே நின்றது. சங்க அறை நீர் கரும்பச்சையானது.

"பச்சைன்னா அம்மோனியா. மல்லாந்த மீனை உடனே என் தொட்டிக்கு மாத்திட்டேன். இப்போ இரை தின்னுட்டு இருக்கு. கண்டம் தண்ணியில இருந்துது சார், ஜாதகத்துல இல்ல."

"நீங்க முன்னாடி மீன் கடைலதான வேலை பாத்தீங்க?" என்றார் சங்கச் செயலர் கிளிஃபர்ட். "இது தெரியாமலா இருந்திருக்கும்?"

சாய்நாத் விடவில்லை. "மாமி ஆத்துல பாவம் ஜாஸ்தி! அதான் மீன் ஏத்துக்க மாட்டேங்குது!"

ஜெயலக்ஷ்மி எழுந்தார்.

"செத்தா எங்க பாவத்தை எடுத்துண்டுதும்பீர். சாகலேன்னா எங்க பாவம் ஜாஸ்தீம்பீர். அப்போ மீன் என்ன பண்ணினாலும் நீர் சொன்னதுதான் சரியா? ரெண்டு மாசமா இவர் துடிக்கறதைப் பாக்காம நான் மீனைப் பாத்துண்டிருந்தேனே! எழுந்து போம்!"

சாய்நாத் நின்றுகொண்டுதான் இருந்தார். இருந்தும், படியிறங்கினார். ஜெயலக்ஷ்மி அங்கேயே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து வெள்ளிக்கிழமையை உறுதி செய்தார். அந்த வெள்ளி காலை கல் நிறைந்த பித்தப்பை வெளியே வந்தது. மீன் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, இரையைத் தவிர.

சாய்நாத் இப்போது அடையாறில் அமோகமாக இருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும். மீனுக்கு இமை கிடையாது. விரும்பினாலும் கண்ணை மூட முடியாது. அந்த வசதி நமக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதைத் தூங்கும்போது மட்டும் பயன்படுத்துவோமாக.