எந்த விதியின் கீழ்?

மனிதர்களில் விதிப்பிரியர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. தலைவிதியை நொந்துகொள்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் சாதுக்கள். அச்சில் ஏறிய விதியை, உட்பிரிவோடும் அடிக்குறிப்போடும் சேர்த்து நேசிக்கிறவர்களைச் சொல்கிறேன். கல்லூரி இருக்கும் இடத்திலெல்லாம் இந்த இனம் தழைக்கும். நம்முடையவருக்கு 'ஷரத்து' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது.

ஷரத்து வரலாற்றுப் பேராசிரியர். யுத்தங்களும் சாம்ராஜ்யங்களும் அவருக்கு இரண்டாம்பட்சம். கல்லூரியில் பாடம் நடத்துவது பற்றி இதுவரை போட்ட சட்டங்களின் வரலாறுதான் உயிர். ஆசிரியர் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்றது முதல் சட்டம். பார்த்து வாசிக்கவே கூடாது என்றது அதை ரத்து செய்த சட்டம். பார்க்கிறாரா இல்லையா என்று பார்க்க ஒரு குழுவைப் போட்டது அடுத்த சட்டம். அந்தக் குழு யாரையெல்லாம் பார்க்கலாம் என்பதற்கான திருத்தங்கள் இன்னும் வந்தபடி இருக்கின்றன. அத்தனையும் அவருக்கு நுனிநாக்கில்.

ஓய்வறையில் யாராவது, "இன்னைக்குப் பசங்களை வெளிய உக்கார வெச்சு நடத்தலாம்னு இருக்கேன்" என்று வாய்தவறிச் சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த விதியின் கீழ்?" என்பார்.

"மரத்தின் கீழ்" என்று ஒருவர் பதில் சொன்னார். அவரோடு ஷரத்து இன்றுவரை பேசுவதில்லை.

கெட்டவரா? இல்லவே இல்லை. அதுதான் தொல்லை.

வேதியியல் துறையில் தற்காலிகமாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் இருந்தார். துருப்பிடித்த பூட்டு, வெந்நீர்ப் பானையில் படிந்த உப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வகுப்புக்குத் தூக்கிவந்து பாடம் நடத்துவார். மற்றத் துறை மாணவர்களும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கேட்பார்கள். பொறுக்குமா? யாரோ புகார் கொடுத்தார்கள்: பாடத்திட்டத்தில் பூட்டு இல்லை! அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய ஆட்சிக்குழு கூட வேண்டியதாயிற்று. ஷரத்து அதில் ஓர் உறுப்பினர்.

அவர் மகள் அந்த ஆசிரியையின் மாணவி. "அப்பா, மேடம் போயிட்டா நான் கெமிஸ்ட்ரியையே விட்டுடுவேன். மீட்டிங்ல நீங்கதான் அவங்களுக்காகப் பேசணும்."

"போச்சு போ!" என்றாள் மனைவி. "உங்கப்பாவைப் பேசாம இருக்கச் சொல்லியிருக்கணும்டி."

கூட்டத்தில் முதல்வருக்கு நல்ல பசி. "புகார்ல ஒண்ணும் பெருசா இல்ல. அந்தம்மாவை நிரந்தரமாக்கிடலாம், எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார். தலைகள் ஆடின. பேனா மூடியும் திறந்தாயிற்று.

ஷரத்து எழுந்தார். "நான் முழு மனசா ஆதரிக்கிறேன் சார். ஆனா, எந்த விதியின் கீழ் ஆக்குறோம்?"

பேனா நின்றது. முதல் சட்டத்திலிருந்து தொடங்கினார். வகுப்புக்குப் பொருள்களைக் கொண்டுவர ஆசிரியருக்குள்ள உரிமையை எந்தத் திருத்தம் தந்தது, எந்தத் தீர்ப்பு காத்தது என்று அடுக்கினார். அவர் வாழ்நாளின் சிறந்த பேச்சு அது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தாரா? பழக்கதோஷம், அடிக்குறிப்பையும் சொல்லிவிட்டார்.

"ஆனா அந்தத் திருத்தத்தை இப்ப இருக்கிற சட்டம் நீக்கிடுச்சு."

அவரைத் தவிர அந்த அறையில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சப்புறம் எப்படி சார் கையெழுத்துப் போடுறது?" முதல்வர் பேனாவை மூடினார். முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த ஆசிரியையின் கண் கலங்கியிருந்தது. "ஏன் சார்? உங்களுக்கு நான் என்ன பண்ணினேன்?"

"உனக்காகத்தாம்மா..." என்று தொடங்கியவர், பாதியிலேயே விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

வீட்டில் மகள் முகம் கொடுக்கவில்லை. ஷரத்து சட்டப் புத்தகங்களையெல்லாம் இறக்கித் தலைகீழாகப் புரட்டினார். ஆசிரியர் எதையெதைச் செய்யக்கூடாது என்பதற்கு அலமாரி கொள்ளாத பக்கங்கள் இருந்தன. நன்றாக நடத்துகிறவரை வைத்துக்கொள்ளலாம் என்று எந்தப் புண்ணியவானும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. தான் இத்தனை காலம் காதலித்ததன் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போனார். "அடுத்த கூட்டம் என்னைக்கு சார்?"

"வியாழக்கிழமை."

"அன்னைக்கு நான் லீவு."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் இருந்தா கேட்டுடுவேன் சார்."

முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வியாழக்கிழமை அந்த அடிக்குறிப்பை நினைவுபடுத்த ஆளில்லை; டீ வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. "மேடம் பெர்மனன்ட்பா!" என்று மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஷரத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் உதடு மெல்ல அசையத் தொடங்கியது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'எல்லாம் சரி, திருத்தம்தான் நீக்கப்பட்டுவிட்டதே, அந்தக் கையெழுத்துச் செல்லுமா?' என்று உங்கள் மனசின் ஓரத்தில் லேசாக ஓர் உறுத்தல் எழுந்ததா?

எழுந்ததென்றால் தயங்காமல் வாருங்கள். ஓய்வறையில் ஷரத்துவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.