முப்பது அமுக்கு, ரெண்டு ஊது

மூன்றாவது நாளும் பொம்மை செத்துப்போயிற்று.

சரியாக அமுக்கினால் அதன் தோளில் பச்சை விளக்கு எரியும். தண்டாயுதபாணி முப்பது முறை நெஞ்சை அமுக்கி, இரண்டு முறை வாயில் ஊதிப் பார்த்தார். சிவப்புதான் எரிந்தது.

"இன்னும் ஆழமா அமுக்கோணுமுங்க," என்றாள் முதலுதவிப் பயிற்சி கொடுக்க வந்த ஜோதிகா.

நல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் தண்டாயுதபாணி, மகள் ஆசைப்பட்டாள் என்று வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டியிருந்தார். கட்டி முடித்த வாரமே, எங்கோ பண்ணை வீட்டுக் குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிய செய்தியைப் படித்தார். அன்றோடு தூக்கம் போயிற்று. வீட்டில் எல்லோரும் முதலுதவி கற்றுத் தேறும்வரை யாரும் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்.

யாரும் தேறவில்லை. மனைவி அன்புசெல்வி பொம்மையின் முகத்தைப் பார்த்தாலே அழுதாள். வாட்ச்மேன் தவசிக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணிக்கை குழம்பியது.

நிஜ ஆள் மாதிரி இருந்தால் வேகம் வரும் என்று நினைத்து, தண்டாயுதபாணி பொம்மைக்குத் தன் சட்டையையும் பேண்டையும் மாட்டி, நனைத்துக் குளத்தோரம் போட்டு அமுக்கினார். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு மருதாள் அதைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே போலீஸும் வந்தது.

"பேஷன்ட் எங்கீங்க?"

தண்டாயுதபாணி பொம்மையைக் காட்டினார்.

மறுநாள் கம்பெனியில், முதலாளி யாரையோ அடித்துப் போட்டுவிட்டதாகப் பேச்சு. நான்கு டெய்லர்கள் வேலைக்கு வரவில்லை. அவர் நேராக மருதாளிடம் போனார்.

"ஏனுங்க மருதாக்கா, எதுக்குங்க இந்த வேலை?"

"ஆரோ சாகறாங்கன்னு நெனச்சுட்டேனுங்க தம்பி."

"இனிமேல் எங்கூட்டை எட்டிப் பாக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா வரவில்லை. அவரே வகுப்பு எடுத்தார். எப்படி மண்டியிடுவது என்று காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தவர், ஈர டைல்ஸில் வழுக்கி, விளிம்பில் தலை மோதித் தண்ணீருக்குள் போனார்.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில். நெஞ்செல்லாம் வலி.

"தண்ணியில இருந்து தூக்குனப்ப உங்களுக்கு மூச்சே இல்லீங்களாம்," என்றார் டாக்டர். "ஆரோ சரியா அமுக்கி, ஊதியிருக்காங்க. இல்லீன்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்கியிருக்க மாட்டீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. பட்ட பாடு வீண் போகவில்லை. மனைவியின் கையைப் பிடித்தார்.

"நீயா செல்வி?"

"நான் அழுதுட்டேதானுங்க நின்னேன்."

தவசியைப் பார்த்தார்.

"தண்ணியில இருந்து தூக்குனது நாந்தான் மொதலாளி. அமுக்கத்தான் ஆரம்பிச்சேன். பன்னெண்டோட எண்ணிக்கை கொழம்பி நின்னு போச்சு."

அத்தனை நாள் வகுப்பு வைத்தும் ஒருவர்கூட உதவவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்ற மருதாள் மெல்லச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க தம்பி, நீங்க எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொன்ன பொறகும், தெனமும் மாடியில நின்னு உங்க கிளாஸைப் பாத்துத் தலகாணிய அமுக்கிப் பழகிட்டேனுங்க."