மாஹிமில் ஓர் அமாவாசை ஸ்நானம்

கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்று பம்பாய்த் துறைமுக ஆபீஸில் தினமும் டைப் அடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அடித்ததில் ஒரு வரியையும் படித்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். (டைப்பிஸ்ட் படிக்கவும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.)

யுத்தம் முடிந்த மறு வருஷம், தன் பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா என்று நேரில் பார்த்துத் தீர்மானிக்க, எங்கள் ஊரான பாலக்காட்டிலிருந்து ஒருவர் என் மாட்டுங்கா அறைக்கு வந்து இறங்கினார். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் தை அமாவாசை. சமுத்திர ஸ்நானம் செய்ய வேண்டும் என்றார். பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, விடியற்காலையில் மாஹிமுக்கு அழைத்துப் போனேன்.

கடலைக் காணோம். அரை மைல் சேற்றில் நடந்து ஒரு பாறையருகே அதைப் பிடித்தோம். துண்டோடு குளித்துவிட்டு, அவர் பாறைமேல் உட்கார்ந்து ஆயிரத்தெட்டு காயத்ரி ஆரம்பித்தார். நானும் கண்ணை மூடினேன். (பக்தி அல்ல, தூக்கம்.) பம்பாய்த் திருடர்களுக்குப் பயந்து துணிப்பையைப் பாறையடியிலேயே வைத்திருந்தேன்.

வெயில் ஏறியபின் கரையிலிருந்து ஒரு மீன்காரி மராத்தியில் கத்திக் கையாட்டினாள்.

"என்ன சொல்றா, அம்பி?"

எனக்கு மராத்தி தெரியாது. அதை அவரிடம் சொல்ல மனமில்லை.

"மீன் வேணுமான்னு கேக்கறா, மாமா."

அவர் காதைப் பொத்திக்கொண்டு ஜபத்தைத் தொடர்ந்தார்.

"வெள்ளம் ஏறிண்டு வரதே, கேட்டியோ?" என்று அவர் மறுபடி கண்ணைத் திறந்தபோது, துணிப்பை வொர்லிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இருவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நான் அவர் குடுமியைப் பிடித்துக்கொண்டேன். என் கிராப்பில் பிடிக்க ஒன்றுமில்லாததால் அவர் என் பூணூலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மீன்காரிதான் புருஷனோடு படகில் வந்து, எங்களைத் திட்டிக்கொண்டே மீன் கூடைகளுக்கு நடுவே உட்காரவைத்தாள். கரையில் அவருக்குத் தன் பச்சைக் கட்டம்போட்ட புடவை ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதைப் பஞ்சகச்சமாகக் கட்டிக்கொண்டு, மீன் வாசனையோடு மாட்டுங்கா மார்க்கெட் வழியாக நடந்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்து, பின்னால் நான் அழுதுகொண்டே போனேன்.

பதினைந்தாம் நாள் சம்மதம் என்று கடிதம் வந்தது. காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சொன்னாள். "இந்த அசட்டுக்கா பொண்ணைக் குடுக்கறேள்?" என்று மாமியார் கேட்டாளாம்.

"நம்மூர்க்காராள்ல என்னை அந்தக் கோலத்தில பாத்தது அவன் ஒருத்தனாக்கும். வெளியில விட்டா ஊரெல்லாம் சொல்லுவன். ஆத்துக்குள்ளயே வெச்சுக்கறது நல்லது" என்றாராம் மாமனார்.

இன்றைக்கும் அப்பாவை ஏன் கல்யாணம் பண்ணிக்கொண்டாய் என்று குழந்தைகள் கேட்டால், என் மனைவி சொல்லும் பதில் ஒன்றுதான்: "வாயை அடைக்க."