கோடா, பொடியா?

நாலாவது பீரியட் முடிவதற்குள் ஹெப்சிபா டீச்சரின் இடது புருவம் கைக்குட்டைக்குப் போய்விட்டது.

வியர்வையை ஒற்றி எடுத்தவருக்கு அது தெரியவில்லை. போர்டில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிரிவு சத்தமில்லாமல் இருந்தால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று பொருள். கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், ஒரு பக்கம் அழிஞ்சிட்டு."

டீச்சர் திரும்பி முக்கோணத்தைப் பார்த்தார். "மூணு பக்கமும் இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கணக்கு நடக்கவில்லை.

தைராய்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. முதலில் புருவத்தின் வால் உதிர்ந்தது, அப்புறம் நடுப்பகுதி. இப்போது ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முடி மிச்சம். பென்சிலால் வரைந்துகொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். பாளையங்கோட்டை வெயிலுக்குப் பென்சில் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பிள்ளைகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கவலை வேறு. மகள் ஸ்டெபியைப் பேசி முடிக்க, சாத்தான்குளத்திலிருந்து மூன்று வாரத்தில் ஆள் வருகிறார்கள். மாப்பிள்ளை ஹெப்ரானோடு ஸ்டெபி இரண்டு தடவை போனில் பேசியிருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அந்த வீட்டில் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எமிமாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முன்பு ஒரு இடத்தில், பெண்ணின் அத்தை ஆராதனை நடுவே போனை நோண்டினாள் என்பதற்காகவே சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்து வந்தவர். இதையும், அவர்கள் கையில் இன்னும் இரண்டு இடம் இருப்பதையும் சொன்னது சம்பந்தம் பேசும் நேசையா. அப்பேர்ப்பட்டவருக்குக் காப்பி நீட்டும்போது ஒரு புருவம் வழிந்து கன்னத்துக்கு வந்தால் மகள் கதி என்ன ஆகும்?

சனிக்கிழமை காலையிலேயே அஸ்ஃபியாவின் பார்லருக்குப் போனார். அஸ்ஃபியா அவரிடம் படித்தவள்.

"பென்சிலை விட்டிருங்க டீச்சர். ஊசியால மை ஏத்திக்கிடலாம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கோடு. முடி முடியா மெல்லிசாக் கீறி மை விடுதது. இன்னொண்ணு பொடி. மெஷினால புள்ளி புள்ளியா வைக்கது. பாத்தா பவுடர் தடவுன மாதிரி இருக்கும்."

"கோடே போட்டிரு. அதுதான முடி மாதிரி இருக்கும்."

"உங்க தோலு எப்படின்னு பாக்கணும் டீச்சர். வறண்ட தோலுன்னா கோடு நல்லா நிக்கும். எண்ணெய் வடியுற தோலுன்னா ஆறு மாசத்துல கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஈசிப்போயிரும். அதுக்குப் பொடிதான் சரி. ஒரு மாதிரி டாட்டூதான், ஆனா..."

"அந்தப் பேரை மட்டும் சொல்லாத" என்றார் டீச்சர் பதறிப்போய்.

பதறக் காரணம் இருந்தது. வீட்டுக்காரர் பாக்கியசீலன் சபையின் சேகரக் கமிட்டியில் இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு வாலிபன் கையில் நங்கூரம் குத்திக்கொண்டு வந்தான். உடம்பில் குத்துவது ஏன் ஆகாது என்று அவனை நிற்கவைத்து நாற்பது நிமிஷம் பேசியவர் பாக்கியசீலன்.

"கோடு, பொடி. நமக்குள்ள அது போதும்" என்றார் டீச்சர்.

முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருந்து, டிஷ்யூ பேப்பரை நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் அஸ்ஃபியா. மறுநாள் வந்த பேப்பர் காய்ந்து கிடந்தது. டீச்சர் சந்தோஷமாகக் கோடு என்று முடிவு கட்டினார். விசாரித்தால், பழக்கதோஷத்தில் கடலை மாவு போட்டு இரண்டு தடவை கழுவியிருந்தார். திங்கட்கிழமை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி ஒற்றினார்.

மதியம் ஆசிரியர் அறைக்கு அஸ்ஃபியாவின் போன் வந்தது. "டீச்சர், இது பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரில்லா இருக்கு."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப எனக்குக் கோடு சரிவராதா? பொடிதானா? சரி, சனிக்கிழமை பொடி போட்டுக்கிடுதேன்."

பக்கத்து மேஜையில் டெபோரா டீச்சர் தயிர்சாதத்தோடு கையை நிறுத்தினார். தமிழ் எடுப்பவர். சொந்த ஊர் சாத்தான்குளம். எமிமாள் அம்மாவுக்கு அடுத்த தெரு.

"டீச்சர், கேக்கேன்னு நெனைக்காதீங்க. பொடியா?"

"கேட்டுட்டீங்களா. யாருட்டயும் சொல்லிராதீங்க. எங்க வீட்டுல அவியளுக்குத் தெரியாது."

"பொம்பளைங்க போடுதாவளா டீச்சர்?"

"எத்தனையோ பேரு போடுதாவ. வெளிய சொல்லமாட்டாவ. நல்ல கைக்காரி போட்டா பக்கத்துல இருக்கவளுக்கே தெரியாது."

"அதுக்காக இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான தேவைப்படுது. ஒரு தடவை போட்டா ரெண்டு வருஷம் நிக்குமாம்."

இரண்டு வருஷம் நிற்கிற ஒரு தும்மலை டெபோரா டீச்சர் மனதில் கொண்டுவந்து பார்த்தார். பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் ஆனது. மரத்துப்போகும் களிம்பு தடவியும், ஊசி ஓடுகிறபோது டீச்சருக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. எழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் மறுபடி ஒழுகின. இரண்டு புருவமும் கரிக்கட்டையால் இழுத்த மாதிரி இருந்தன.

"நாலஞ்சு நாள் இப்படித்தான் அடர்த்தியா இருக்கும் டீச்சர். அப்புறம் பொருக்கு உதிர்ந்து பைய சரியாயிரும். தண்ணி படக்கூடாது, சொறியக்கூடாது. ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை திருத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை சேலைத் தலைப்பைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலில் உட்கார்ந்தார். தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்தும் முக்காட்டை எடுக்கவில்லை.

"இப்பதான் உனக்கு ஜெபத்துல ஒரு ஆழம் வந்திருக்கு" என்றார் பாக்கியசீலன் நெகிழ்ந்துபோய்.

பள்ளிக்கூடத்துக்குத் தடித்த சட்டம் போட்ட பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். அரிப்பு தாங்கவில்லை. சொறியக்கூடாதே என்று கைக்குட்டையை மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தபடியே பாடம் நடத்தினார். கண் சிவந்திருந்தது. டெபோரா டீச்சர் தூரத்திலிருந்து பார்த்தார். மூக்குப் பொடிக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும். அந்த வாரமே ஊருக்குப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நேசையாவின் போன் வந்தது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக்கூடாது. சாத்தான்குளத்துல ஒரு பேச்சு அடிபடுது. மதினி பொடி போடுதாவளாம்லா."

பாக்கியசீலன் போனைக் கையில் பிடித்தபடியே அடுப்படிக்கு வந்தார்.

"ஹெப்சி, நீ பொடி போடுதியா?"

டீச்சர் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"சாத்தான்குளமே சொல்லுது."

"மன்னிச்சிருங்க. ஒரே ஒரு தடவைதான் போட்டேன். ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போட்டா சரியாயிரும்."

"நாள் குறிச்சு வச்சுப் போடுதியா?"

"அப்பதான் நல்லாப் பிடிக்குமாம்."

பாக்கியசீலன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரு பழக்கிவிட்டா?"

"அஸ்ஃபியாதான் போட்டுவிட்டா. படுக்கவச்சு, ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரை மணி நேரமா? மூக்கு என்னத்துக்கு ஆகும்?"

"மூக்கா? மூக்குல ஏன் போடுதாவ. புருவத்துல."

சொல்லிவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முக்காட்டையும் எடுத்தார். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பொருக்கெல்லாம் உதிர்ந்து, பழைய கல்யாணப் போட்டோவில் இருக்கிற மாதிரி இரண்டு புருவம் நெற்றிக்குக் கீழே இருந்தன. பாக்கியசீலன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலு வருஷமா உங்களுக்கு முன்னால எந்திரிச்சு வரைஞ்சிக்கிட்டு வாரேன். முடியலங்க" என்றார் டீச்சர். அழுகை வந்துவிட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"நங்கூரம் குத்துன பயலை நாப்பது நிமிஷம் பேசினீங்கல்லா."

"அவன் இல்லாததைக் குத்திக்கிட்டான். உனக்கு இருந்தது போச்சு, திரும்ப வச்சிருக்க. ரெண்டும் ஒண்ணா?" என்றார் பாக்கியசீலன். பிறகு, இதை உடனே சரிசெய்துவிடுகிறேன் என்று ஆண்பிள்ளைத் தோரணையில் நேசையாவைக் கூப்பிட்டார்.

"நேசையா, அது மூக்குப் பொடி இல்ல வே. புருவத்துல வைக்கது."

"புருவத்துலயா? அங்கன வச்சா எப்படி அண்ணாச்சி ஏறும்?"

"சும்மா வச்சா ஏறாது வே. ஊசியால ஏத்துதாவ."

நேசையா மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, ஊசின்னு வெளிய சொல்லவேண்டாம். நான் பொடின்னே சொல்லிக்கிடுதேன். அது எவ்வளவோ தேவலை."

வெள்ளிக்கிழமை முழுக்க சாத்தான்குளத்திலிருந்து 'வரவில்லை' என்று போன் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஸ்டெபி கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீ அழாத" என்று அவள் சொன்னதுதான் டீச்சரை இன்னும் அழவைத்தது. நாலு முடிக்கு ஆசைப்பட்டு மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேன் வந்தது. எமிமாள் அம்மா நிமிர்ந்த முதுகும் கஞ்சி போட்ட சேலையுமாக இறங்கினார். ஜெபம் முடிந்தது. ஸ்டெபி காப்பி கொண்டுவந்தாள். ஹெப்ரான் வெறும் டம்ளரை ரொம்ப நேரம் குடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் எமிமாள் அம்மாவின் கண் மட்டும் ஹெப்சிபாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார். "நான் சம்பந்தியம்மாட்டக் கொஞ்சம் தனியாப் பேசணும்."

கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எமிமாள் அம்மா அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினார். யாரும் வரவில்லையே என்று ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

ஹெப்சிபாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நீங்க கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். சத்தியமா நான் மூக்குப் பொடியைக் கையால தொட்டதுகூட இல்ல. தைராய்டுல புருவம் உதிர்ந்துட்டு. எண்ணெய்த் தோலுன்னு பொடி மாதிரி மை வச்சிருக்கேன், இங்கன பாருங்க. அதைத்தான் யாரோ வேற மாதிரி சொல்லிட்டாவ. தப்புன்னு பட்டா என்னை ஏசுங்க. எம்புள்ளை மேல காட்டிராதீங்க."

எமிமாள் அம்மா குனிந்து அந்தப் புருவங்களைப் பார்த்தார். பைக்குள் போன கை அங்கேயே நின்றது. முகம் அப்படியே வாடிப்போனது.

"அட, அப்படியா? நாப்பது வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையிலயே பொடி போடுதேன், சேந்து போட ஒரு ஆளு கெடைச்சிட்டுன்னுல்லா வந்த மூணு இடத்துல உங்க வீடுதான்னு அடிச்சுச் சொன்னேன்."