எண்ணெயில் முழுகிய பெட்டி

பூந்தமல்லி
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம்

மகாராஜராஜஸ்ரீ மாமா வீரராகவன் அவர்கள் சமூகத்துக்கு, மாப்பிள்ளை ஆனந்தன் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். பெட்டியும் சுகம். வேப்பம்பட்டில் தாங்களும் வசந்தாவும் தங்கள் சந்தேகங்களும் சுகமென்று நம்புகிறேன்.

ஆடிக்கு அழைத்துப்போன பெண்ணை ஆவணி பிறந்தும் அனுப்பவில்லை. "பேய் ஊட்ல எம் பொண்ணு கால் வைக்க மாட்டா" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினீர்கள். மாமா, வீட்டை ஒட்டிய மில்லில் ராப்பகலாக முனகுவது பேய் இல்லை. டிரான்ஸ்பார்மர்.

எங்கள் அரிசி மில் எஞ்சின் உண்டாக்கும் மின்சாரம், ஏரிக்கு அப்பால் பாரிவாக்கம் வீதி விளக்குகளுக்குப் போகவேண்டும். முதலில் அப்படியே அனுப்பினோம். வழியெல்லாம் கம்பி சூடாகி அதைத் தின்றது, அங்கே விளக்குகள் அணையப்போகும் பீடிபோல எரிந்தன. ஓட்டம் அதிகமானால் சூடு அதிகம். ஆகவே அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினோம். அதே சக்திக்கு ஓட்டம் பத்தில் ஒன்று போதும், வீணாகும் சூடு நூறில் ஒன்று. பாரிவாக்கத்தில் இன்னொரு பெட்டி அதைத் திரும்ப இறக்கிவிடும். இங்கே உயர்த்துவது என் பெட்டி. உள்ளே ஒரு இரும்புச் சட்டம், இரண்டு கம்பிச் சுருள்கள். இரண்டாவதில் சுற்று பத்து மடங்கு. ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளில் மின்சாரம் முன்னும் பின்னும் அலைந்தால் இரும்பில் காந்தம் அலையும். அந்த அலைச்சல் அடுத்ததில் மின்சாரத்தை எழுப்பும். பெட்டி தானாக எதையும் உண்டாக்காது. எஞ்சின் நின்றால் அது வெறும் இரும்பு. முனகல், இரும்பின் அதிர்வு. சூடு தணிய எண்ணெயில் முழுக்கியிருக்கிறோம்.

அந்த எண்ணெயைப் பற்றி எஞ்சின்காரன் துலுக்கானத்திடம் சொன்னதுதான் தப்பு. அவன் நடவுக்குப் போகும் எல்லம்மாவிடம் சொல்லிவிட்டான். மறுநாள் காலை வேலிக்கு வெளியே பெண்கள் கூட்டம், கையில் நல்லெண்ணெய்க் கிண்ணங்கள்.

"அம்மா எண்ணெ முழுவிகினு கீறா. நீ கம்முனு இரு நைனா" என்று எல்லம்மா அதட்டினாள்.

"உள்ளே வராதே! தொட்டா செத்துடுவே!" என்று கத்தினேன்.

"கேட்டுக்கினீங்களா? தொட்டா கொல்வாளாம். அப்போ அம்மாதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கூழ் ஊற்றினார்கள். எனக்கும் ஒரு சொம்பு. குடித்தேன். அப்போது முனகல் தணிந்தது. எஞ்சின் வேகம் குறைந்தால் அப்படி ஆகும். "நான் எஞ்சின் பக்கமே போவலியே சாமி" என்கிறான் துலுக்கானம்.

தனியாக இருக்கும்போது அது மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. விடுவதில்லை. வசந்தா பக்கத்தில் இருந்தால் இப்படியெல்லாம் தோன்றாது. ஆகையால் வரும் வெள்ளிக்கிழமையே அவளை அனுப்பிவைக்கக் கோருகிறேன். அத்தைக்கு வணக்கம். புதுக் கன்றுக்குட்டிக்கு என் அன்பு.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
ஆனந்தன்

பின்குறிப்பு: மத்தியானமே எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது. புதிது வாங்கத் துலுக்கானம் பட்டணம் போயிருக்கிறான். இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடிதத்தை ஒட்டப் பசை தேடி வெளியே வந்தேன். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிக் கிடக்கிறது. ஏரிக்கு அப்பால் பாரிவாக்கம் விளக்குகள் எரிகின்றன. எல்லாம். பளிச்சென்று.

வசந்தாவை அனுப்ப வேண்டாம். நான் வருகிறேன்.