காகம் கொண்டுபோன கார்ட் பெட்டி

திவச வீட்டுக்குப் போகிறவர்கள் தங்களால் இயன்ற உதவியைச் செய்யலாம். தேங்காய் துருவலாம், கதிரை இழுத்துப் போடலாம், ஒன்றுமே ஏலாவிட்டால் பந்தலுக்குக் கீழே இருந்து விலைவாசியைப் பற்றிக் கவலைப்படலாம். புதிதாக எதையாவது யோசிக்க மட்டும் கூடாது. நான் யோசித்தேன். அதனால்தான் குணநாயகம் அண்ணை செத்து ஒரு வருடம் முடிய வந்த ஆட்டைத் திவசத்தைப் பற்றி, அவரைத் தெரியாதவர்கள்கூடத் திருகோணமலையில் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறார்கள்.

அண்ணை சின்ன றெயில் செய்கிறவர். உட்துறைமுகப் பக்கத்தில் வீடு, அதன் முன்னறைதான் பட்டறை. மெல்லிய பலகையில் எஞ்சின், பெட்டி, சீனன்குடா ஸ்டேஷன், கந்தளாய் ஸ்டேஷன் என்று துண்டு துண்டாக வெட்டி, பசையோடு ஒரு மட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார். வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்து பொருத்திக்கொள்ள வேண்டும். சம்பூர் மீன்பிடிக்காரர் ஒருவர், கிண்ணியாத் துணிக்கடை முதலாளி ஒருவர், பிறகு நான் (துறைமுகப் பக்கம் கந்தோர் உத்தியோகம், வீட்டில் பிள்ளைகள் தொடக்கூடாத ஓர் அலுமாரி நிறைய றெயில்) என்று அவருக்கு ஒரு பக்தர் கூட்டமே இருந்தது.

ஒவ்வொரு மட்டைப்பெட்டியிலும் அவர் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டுவிடுவார். எல்லாம் ஒட்டி முடித்துப் பெருமூச்சு விடும்போது மேசையில் அது மட்டும் மிஞ்சிக் கிடக்கும். எதையோ பிழையாகப் பூட்டிவிட்டோம் என்று பயந்து, அதையும் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது ஒண்டுக்கும் இல்லைப் பிள்ளை. இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்பார். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. பிறகு பிறகு, துண்டு மிஞ்சியதும் நானே சந்தோஷமாகச் சீலை மாற்றத் தொடங்கிவிட்டேன்.

தேத்தண்ணி வருவதும் றெயிலில்தான். குசினியிலிருந்து பட்டறை வரைக்கும் சுவரோரமாகத் தண்டவாளம் போட்டிருந்தார். அவருடைய மனைவி சரோ அக்கா உள்ளே கோப்பையை ஏற்றிவிட்டுப் பொத்தானை அமத்துவார். ஒரு விசில் கேட்கும். கதவைத் தாண்டி ஆடி ஆடித் தேத்தண்ணி வரும். கடைசியில், றெயில் கார்ட் ஏறுகிற பெட்டியாக, தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைக் கார்ட் பெட்டி, அதன் ஜன்னலில் மஞ்சள் சீலை கட்டிய ஒரு பெண் கை காட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணம் முடித்த புதிதில் சரோ அக்காவை நினைத்து அவர் செய்தது. எத்தனையோ பேர் கேட்டும் அதைப் போல இன்னொன்று அவர் செய்யவேயில்லை.

பின்னேரத்தில் அங்கே இருந்தால் தூரத்தில் கப்பல் ஊதும். வெயில் மெதுவாக இறங்கித் தண்டவாளத்தில் படுத்துக்கொள்ளும். றெயில் போகும், வரும். வீட்டில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தேனா என்பதே எனக்கு மறந்துபோகும். (ஒரு தடவை வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.) இப்போதும் அந்த அறை கனவில் வருகிறது. அண்ணை வருவதில்லை, தேத்தண்ணி மட்டும் வரும்.

அவர் போன பிறகு சரோ அக்கா பட்டறையைப் பூட்டிவிட்டார். அழவும் இல்லை. யாராவது அண்ணையின் கதையை எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். ஆட்டைத் திவசத்துக்கு முதல் கிழமை என்னைக் கூப்பிட்டுப் பட்டறைத் திறப்பைக் கையில் வைத்தார். அன்றைக்கு ஒரேயொரு தடவை அந்த றெயிலை ஓட்டிப் பார்க்க வேணும் என்றார். பச்சைப் பெட்டி கவனம், அவர் கையால் எனக்கென்று செய்தது அது ஒன்றுதான் என்றும் சொன்னார்.

ஓட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு யோசனை வந்துவிட்டது. தேத்தண்ணியை றெயிலில் வாங்கிக் குடித்த மனிதருக்குக் காகச் சோறும் றெயிலில்தானே போக வேண்டும்? (இதைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது.) அக்கா ஓமென்றார். என் கணவர் மட்டும், காகத்திடம் ஒரு சொல் கேட்டாயிற்றா என்றார்.

திவசத்தன்று ஐயர் எல்லாவற்றையும் முடித்ததும், குசினி வாசலிலிருந்து மதிலடி வரைக்கும் நான் போட்டிருந்த தண்டவாளத்தில் றெயில் புறப்பட்டது. வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வந்து பந்தல் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தது, அதைத் துரத்தக்கூட ஒருவரும் எழும்பவில்லை. சோற்றின் ஆவி கடற்காற்றில் சரிந்தது. மஞ்சள் சீலைக்காரி எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு போனாள். சரோ அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கண் வெட்டாமல் பார்த்தார். என் பிறவியில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முருங்கையில் இருந்த காகங்கள் எல்லாம் விசில் சத்தத்துக்கு வெருண்டு பறந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

காகம் எடுக்காமல் ஆட்களுக்கு இலை போட ஏலாது. நாங்கள் கூப்பிட்டோம். ஐயர் கூப்பிட்டார். பந்தலில் இருந்த அத்தனை சனமும் சேர்ந்து "கா, கா" என்று கத்தியது. பப்படம் நமத்தது. அண்ணையின் தமையனார் கந்தளாயிலிருந்து விடியப் புறப்பட்டு வந்தவர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சீனி வருத்தக்காரர். அவர் வானத்தை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு காகம் வந்து மதிலில் இருந்தது. கீழே குதித்தது. சோற்றைப் பார்த்தது, வடையைப் பார்த்தது, இரண்டையும் விட்டுவிட்டு டிக்கற் பரிசோதகர் மாதிரிப் பெட்டி பெட்டியாக நடந்தது. பச்சைப் பெட்டியை ஜன்னலில் கவ்வி, கொளுக்கியிலிருந்து ஒரு இழுவை இழுத்து எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டது.

என் கணவர் கல்லை எடுத்துவிட்டார். (குப்பை கொட்டப் போகும்போது இந்த வேகத்தை நான் கண்டதில்லை.) தமையனார் அவருடைய கையை எட்டிப் பிடித்தார்.

"கல்லைக் கீழ போடும் தம்பி. அது எங்கட குணநாயகம்."

அதுதான் சங்கடம். ஒரு வருடத்துக்குப் பிறகு வீடு தேடி வந்திருக்கிற மனிதருக்குக் கல்லெறிவது எப்படி? ஏசவும் ஏலாது. ஆகவே நான் சோற்றகப்பையும் கையுமாக, செருப்பில்லாமல், அண்ணாந்து பார்த்தபடி றோட்டில் மரியாதையாக ஓடினேன். "அண்ணை, அது அக்காவின்ர பெட்டி அண்ணை, தந்திட்டுப் போங்கோ" என்று மன்றாடினேன். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் நிறுத்தி, யாரைத் துரத்துகிறீர்கள் என்று கேட்டார். எங்கட அண்ணை என்று மேலே காட்டினேன். மனுசன் மேலே பார்த்தார், என் அகப்பையைப் பார்த்தார், வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். காகம் விளக்குக் கம்பத்தில் கொஞ்சம் இளைப்பாறியது. பிறகு வள்ளங்களுக்கு மேலாகத் துறைமுகத்தின் நீலத்துக்குள் போய்க் கரும்புள்ளியானது. நான் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது சரோ அக்கா நின்றுபோன றெயிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். விரல் அந்த வெறும் கொளுக்கியில் இருந்தது. பெட்டி போய்விட்டது அக்கா என்று சொன்னேன்.

"ஒரு வருசமா அவரோட எனக்குக் கோவம் பிள்ளை" என்றார். "ஒரு சொல்லுச் சொல்லாமல் என்னை விட்டிட்டுப் போனவர் எண்டு." துறைமுகப் பக்கம் பார்த்தார். "இப்ப வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிட்டார். வடையையும் விட்டிட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. ஒரு வருடத்து அழுகை, நாங்கள் ஒருவரும் தடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, இலையைப் போடச் சொன்னார். காகம் இன்னும் சாப்பிடவில்லையே என்று ஐயர் இழுத்தார். அவருக்கு வேண்டியதை எடுத்துவிட்டார் என்று அக்கா சொல்ல, முதல் ஆளாக இலைக்கு முன்னால் போய் இருந்தவர் தமையனார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்துக்குள் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் உதவிக்குக் கை நீட்டினால், யாராவது ஒருவர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். எங்கள் மதிலில் காகம் இருந்தால் என் கணவர், "வாங்கோ அண்ணை, அக்கா சுகமோ?" என்று விசாரிப்பார்.

போன மாதம், அண்ணையிடம் வாங்கி உடைக்காமல் வைத்திருந்த கடைசி மட்டைப்பெட்டியை எடுத்துப் பொருத்தினேன். தம்பலகாமம் ஸ்டேஷன். முடித்தபோது ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. கேட்க ஆளில்லை என்று தெரிந்தும் சீலையை மாற்றிக்கொண்டு போனேன். பட்டறை திறந்திருந்தது. சரோ அக்கா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒண்டுக்கும் இல்லை. இரும் பிள்ளை" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி கதவைத் தாண்டி ஆடி ஆடி வந்தது, கார்ட் பெட்டி இல்லாமல், சத்தமும் இல்லாமல். விசிலை அக்கா கழற்றி வைத்துவிட்டாராம். மதிலுக்கு வருகிறவர் வெருண்டு போவாராம்.