ஆள் இல்லாத அறை

'அறையில் ஆள் இருப்பது உண்டா?'

படிவத்தின் ஏழாவது கேள்வியில் பேனாவை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் ஹயாத் பாஷா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் எலெக்ட்ரிகல் இன்சார்ஜ் அவர். சர்வர் அறையில் தீ அணைக்க மாட்டியிருந்த பழைய வாயு ஓசோனில் ஓட்டை போடுகிறதாம். மாற்றினால்தான் ஆயிற்று என்று இன்சூரன்ஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

எந்த வாயு என்பதை அந்த ஏழாவது கேள்விதான் தீர்மானிக்கும். ஆள் இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு. மலிவு, ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவன் தீயோடு சேர்ந்து அணைந்துவிடுவான். ஆள் உண்டென்றால் மனுஷன் மூச்சுக்குக் கெடுதல் பண்ணாத புது வாயு. விலை மூன்று மடங்கு.

ஆள் உண்டு. தினமும் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை உண்டு. அந்த ஆள் பாஷாதான்.

என்ன செய்வார், பாவம்? மனைவி ஜபீன் ஆசைப்பட்டு வீடு கட்டியது திருநின்றவூரில். கோழி கூவுமுன் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்து வந்து சேர்கிற மனுஷனுக்குச் சோறு உள்ளே போனதும் கண் சொருகாதா? ஆலையில் ஏசி இரண்டே இடத்தில். ஒன்று, மானேஜர் வீரராகவனின் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை. மற்றது சர்வர் அறை. அதன் மூலையில் யு.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டைத் திணித்து ஒரு தலையணையும் செய்து வைத்திருந்தார். தலையணையில் கொஞ்ச நாளாகத் தைல வாசனை. கூட்டுகிற குப்பம்மாளுக்குத் தலைவலி போலும் என்று விட்டுவிட்டார்.

சொல்லவும் முடியாது. போன மாதம்தான் ஸ்டோரில் தூங்கிய ஃபிட்டரை வீரராகவன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

"இன்னா பாஷா, ஒரு ஃபாரத்துக்கு ஒரு நாளா?"

"இல்ல சார், ஏழாவது கேள்வி... ஆள் உண்டுன்னு போட்டுடலாமா?"

"யாரு உண்டு?" வீரராகவன் நெற்றியை நீவிக்கொண்டே நிமிர்ந்தார்.

"குப்பம்மா கூட்டப் போவுது சார்."

"அப்டியா? இன்னியிலேர்ந்து கூட்ட வேணாம். பூட்டு போட்டு சாவிய என்னாண்ட குடு."

போச்சு! மூன்று நாள் பாஷா ஸ்விட்ச் போர்டு முன்னால் நின்றபடியே தூங்கினார். நாலாம் நாள், மோட்டாரை நிறுத்தச் சொன்னால் மானேஜருடைய அறை விளக்கை நிறுத்தினார். திட்டு வாங்கின கையோடு இன்னொரு யோசனையை எடுத்து விட்டார்.

"சார், கம்ப்யூட்டர்ல பேக்கப் டேப் மாத்தணும். தெனம் மத்தியானம் ஒரு மணி நேரம் ஆவும்."

வீரராகவன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மணிக்கு எடுத்துக்க. ரெண்டு மணிக்கு சாவி என் டேபிள்ல இருக்கணும். ரெண்டுன்னா ரெண்டு."

"அப்ப ஆள் உண்டுன்னு எழுதிடட்டுமா சார்?"

"டேப் மாத்தறவன் முழிச்சிக்கினுதானே இருப்பான்? மணி அடிச்சா ஓடி வரட்டும். மலிவானதையே போடு."

தூக்கம் திரும்பி வந்தது. கூடவே எமனும் வருவான் போலிருந்தது. பாஷா கடைசி அஸ்திரமாக வாயு விற்கிற தாவீதை வரவழைத்தார்.

"சார், இது க்ளீன் ஏஜென்ட்டு," என்று புது வாயுவின் படத்தை விரித்தார் தாவீது.

"ஏஜென்ட்டெல்லாம் வேணாம்பா. கம்பெனியாண்டயே நேரா வாங்கிக்கிறோம்."

"வாயுவுக்குப் பேரே அதான் சார். அடிச்சா மெஷின் மேல கறை, பொடி ஒண்ணும் நிக்காது. உள்ள இருக்கறவன் எழுந்து நடந்து வந்துடலாம்."

"அந்த மலிவானதுல?"

"மணி அடிக்கும். முப்பது செகண்டுல வாயு வந்துடும். அசந்து கண்ண மூடிக்கினு இருந்தான்னு வைங்க, அப்புறம் தொறக்கவே மாட்டான்."

வீரராகவன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாஷா, காசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். உசுரு வருமா? புதுசையே போடச் சொல்லு."

ஏழாவது கேள்விக்கு அவரே பேனாவை வாங்கி, 'ஆள் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"ஆளே இல்லாத ரூமுக்கா சார் இவ்ளோ வெல?" என்றார் தாவீது.

"பல்லி இருக்குதேய்யா! அது உசுரு இல்லையா?"

புது சிலிண்டர் மாட்டிய அன்று, மூன்று வாரக் கவலையும் சேர்ந்து பாஷாவை அமுக்கியது. அட்டையில் சாய்ந்தவர்தான். வெளியே சைரன் ஊதினாலும் கேட்டிருக்காது. தோளை யாரோ உலுக்கியபோது பதறிக்கொண்டு எழுந்தார். எதிரே குப்பம்மாள்.

"ஐயோ குப்பம்மா, மானேஜரு கிட்ட சொல்லிடாத! வேலையே பூடும்!"

"நான் இன்னாத்த சொல்றது? சீக்கிரம் எயுந்திரு சார், ரெண்டேகால் ஆவுது. மானேஜர் சாரு தைலத்த தடவிக்கினு வெளிய நின்னுக்கினுகீறாரு, அட்ட எப்ப காலியாவும்னு!"